குப்பைமேனி அக்கா மூடிய கிண்ணம்

மராத்தி ஊரான சாங்வியில் எங்கள் குடியிருப்பில் யார் கீழே விழுந்தாலும் மனதுக்குள் மகிழ்ந்த ஒரே ஜீவன் குப்பைமேனி அக்காதான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பிள்ளைகள் வைத்த பெயர் எனக்கும் தொற்றிக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவர் வேலையில் பிழை பிடிப்பார். வீட்டுக்கு வந்தால் அடுத்தவர் உடம்பில் காயம் பிடிப்பார். முழங்காலில் சிராய்த்துக்கொண்ட பிள்ளைகள் அவருக்குப் பயந்து பின்பக்கப் படியில் ஏறும்.

சிரங்குக்குக் குப்பைமேனியும் மஞ்சளும், வெட்டுக்காயத்துக்குக் கிணற்றுப்பாசான். இரண்டும் எங்கள் பார்க்கிங் ஓரத்தில் தானாக முளைத்தவை. புல்தரை போடுவதற்காகத் தோட்டக்காரர் அவற்றைப் பிடுங்க வந்த அன்று அக்கா லீவு போட்டுவிட்டு, தெரிந்த நான்கு மராத்தி வார்த்தைகளோடு குறுக்கே போய் நின்றார். அந்த மனிதரோ கிணற்றுப்பாசானைக் காட்டி, இது எங்கள் ஊரில் ‘தகடி பாலா’, நாங்களும் காயத்தில் கசக்கி விடுவோம் என்றார். அதோடு இருவரும் ஒரே கட்சி. குடியிருப்புக்குப் புல்தரை அமையவே இல்லை.

போன மழைக்காலத்தில் ஷூ கடித்து என் குதிகாலில் ஒரு புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. என் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட, பத்தாவது நிமிடம் அக்கா அரைத்த பச்சிலைக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். தப்ப வழியில்லை, காலை நீட்டினேன். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். வலி துளிகூட இல்லை என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா கிண்ணத்தை மூடினார்.

“வலிக்கலைன்னா இது எலை போடற புண்ணு இல்லீங்ணா. சட்டைய மாத்திட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

ஊருக்கெல்லாம் போடும் இலை எனக்கு மட்டும் இல்லையா என்று கொஞ்சம் மனத்தாங்கல்கூட வந்தது. ஆட்டோவில்தான் சொன்னார். அவர் அப்பாவுக்கும் இப்படித்தான் வலியில்லாத புண். சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியவில்லை. இருபது நாள் இலை அரைத்துப் போட்டது அக்காவேதான். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“அப்பா என்னைய ஒரு வார்த்தை சொல்லலீங்ணா” என்றார். பிறகு ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னார்.

எனக்கும் சர்க்கரை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் எலும்புவரை போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு மாதம், ஒன்றுவிட்டு ஒரு நாள், கட்டு மாற்ற அக்காவின் ஸ்கூட்டரில்தான் போனேன். அவர் உள்ளே வரமாட்டார்; வெளி பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். கடைசி நாள் நர்ஸ்தான் கூப்பிட்டுக் காட்டினார். மூடியிருந்த தோலைப் பார்த்ததும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவர் வாய் ஓயவில்லை. காற்றில் பாதி என் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.