கடைத் தண்ணீரும் நீலமாயிற்று

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை கூசுகிறது.

என் மகள் நல்ல மார்க் வாங்கினால் என் மகள், மற்ற நேரங்களில் உங்கள் மருமகள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது நான் எழுதப்போவது உங்கள் மருமகளைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் செயற்கை உயிரியல் குழு என்று ஒன்று வைத்து, நாலு பிள்ளைகள் ஒரு வருஷமாகக் கிருமி வளர்த்தார்கள். வீட்டில் ஒரு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றாதவள், ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கிருமிக்குச் சோறு போட்டாள். ஒரு கிருமியின் குணத்தை வெட்டி இன்னொன்றின் உடம்பில் ஒட்டிவிட்டார்களாம். தண்ணீரில் காரீயம் கலந்திருந்தால் அது நீலமாகும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். குழுத் தலைவன் ஒரு நெட்டைப் பையன். ஒட்டடைக்குச்சி என்றுதான் நான் கூப்பிடுவேன், மனதுக்குள். அவன்தான் ஒருநாள், "அங்கிள், உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி கொஞ்சம் வேணும்" என்று கேட்டான். வீட்டுக்கு வந்த பிள்ளை தண்ணீர்தானே கேட்கிறான் என்று கொடுத்தேன் மச்சான். அங்கே பிடித்தது சனி.

மறுநாள் உங்கள் மருமகள் வெளிறிப்போய் வந்தாள். "அப்பா, நம்ம தண்ணி நீலமாயிடுச்சு. பழைய குழாய்ப்பா, காரீயம் இருக்கு. யாரையும் குடிக்க விடாதீங்க" என்றாள். நான் இந்தக் கட்டிடச் சங்கத்தின் செயலாளர் அல்லவா? லிஃப்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினேன். அவ்வளவுதான், கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் வந்தவர்கள் வாய் கொப்பளிக்க மறுத்து, வாய் நிறைய நுரையோடு தெருவுக்கு ஓடினார்கள். மூன்றாம் மாடி வக்கீல் தன் வீட்டை விற்க ஆள் பிடித்து வைத்திருந்தார். வாங்க வந்தவர் நோட்டீஸைப் படித்துவிட்டு, லிஃப்டில் ஏறாமலே திரும்பிப் போய்விட்டார். வக்கீல் என் வீட்டு வாசலில் நின்று, "அந்தக் கிருமியில கடையில வாங்கின பாட்டில் தண்ணியை ஊத்தினா என்ன ஆகுதுன்னு என் கண்ணால பாக்கணும். அதுவும் நீலமாச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்" என்று கத்தினார்.

அந்தக் கிருமியை ஆய்வகத்தைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாதாம். அதனால் வக்கீலும் பல் டாக்டரும் நானும் உங்கள் தங்கையும் அங்கேயே போனோம். எங்கள் வீட்டில் குடித்துக்கொண்டிருந்த கடைத் தண்ணீர் பாட்டிலை உங்கள் தங்கைதான் கையோடு எடுத்துவந்தாள். ஒட்டடைக்குச்சி கிருமி இருந்த ஒரு கண்ணாடிக் குழாயில் கட்டிடத்துத் தண்ணீரையும் இன்னொன்றில் கடைத் தண்ணீரையும் விட்டான். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பது போல வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் கூப்பிட்டார்கள். இரண்டும் நீலம். வக்கீல் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கடைத் தண்ணியும் விஷமாம்! நாளைக்கு மழையையும் விஷம்னு சொல்லுவாங்க!" ஒட்டடைக்குச்சி கடைத் தண்ணீர் விட்ட கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். பிறகு கையுறையைக் கூடக் கழற்றாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் என்ன செய்ய மச்சான்? கட்டிடத்தில் மானம் போகிறதே என்று நோட்டீஸைக் கிழித்தேன். எல்லோரையும் கூட்டி, அவர்கள் முன்னால் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்துக்காட்டி, "ஏதோ பிள்ளைங்க விளையாட்டு, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கும்பிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். படியில் நின்றிருந்த உங்கள் மருமகள் மட்டும் தட்டவில்லை.

அதற்குப் பிறகு வீடு துக்க வீடு மாதிரி இருக்கிறது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவர்கள் போகவிருந்த போட்டிக்கு, எங்கள் கிருமி சரியில்லை, நாங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டார்களாம். அந்தப் போட்டியும் நேற்று முடிந்துவிட்டது. ஒட்டடைக்குச்சி படிப்பே வேண்டாம் என்று அவன் அப்பாவின் டயர் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். உங்கள் மருமகளை இந்தப் படிப்பில் சேர்த்த அன்றைக்கு, "புள்ள ஆசைப்படறதைப் படிக்கட்டும் மாப்பிள்ளை" என்று சொன்னது நீங்கள்தான். ஆகவே நீங்களே நேரில் வந்து, இந்தக் கிருமி சகவாசத்தை விட்டுக் கணக்குப்பதிவியல் மாதிரி யாருக்கும் தீங்கில்லாத படிப்பில் சேரும்படி அவளுக்குப் புத்தி சொல்லவேண்டும். என் பேச்சு எடுபடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாயிருக்க என் ஆசிகள். அவர்கள் எதையும் கண்டுபிடிக்காமல் இருக்கவும் சேர்த்தே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
நிம்மதி கெட்ட உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அண்ணனுக்கு ஏதாவது சொல்லணுமா என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். மேலே உள்ளதையெல்லாம் வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, பாட்டிலை நான் நிரப்பினதை எழுதலையே?" என்றாள். எந்தப் பாட்டில் என்றேன். "அன்னிக்குக் கொண்டு போனதுதான். பாதி காலியா இருந்துச்சு. நாலு பெரிய மனுஷங்க முன்னால அரை பாட்டிலை நீட்டினா நல்லாவா இருக்கும்? அதான் நம்ம குழாயில புடிச்சு நிரப்பிட்டேன்" என்றாள்.

மச்சான், நீங்கள் புத்தி சொல்ல வரவேண்டாம். உங்கள் மருமகளின் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், "மறுபடி நோட்டீஸ் ஒட்டணும், நீ சொல்லும்மா, நான் எழுதறேன்" என்றுதான் வந்தது. கதவைத் திறக்காமலே சொன்னாள்: "பெரிய எழுத்துல எழுதுங்க. அடியில உங்க பேர் வேண்டாம். எங்க நாலு பேர் பேரையும் போடுங்க. டயர் கடையில உக்காந்திருக்கான் பாருங்க, அவன் பேரை முதல்ல போடுங்க."