இடது கால், எட்டாம் நம்பர்

காரைக்காலில் செருப்புக் கடைக்கு அடுத்தவன் காலைக் கூட்டிக்கொண்டு போன ஒரே மனிதர் ஒத்தைச் சொல்தாதான். அந்த அடுத்தவன் கால் என்னுடையது. அதிலும் குறிப்பாக இடது கால்.

சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். ஒற்றைச் சக்கர சைக்கிளில் போவதால் இவர் ஒத்தைச் சொல்தா. அசல் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் கோப்பில் பார்த்த பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அது ஓய்வு பெற்றவனுக்கும் பொருந்துமா என்று இதுவரை யாரும் தெளிவுபடுத்தவில்லை. தெளிவுபடுத்தாதவரை பொருந்தும்.

மற்ற சைக்கிளில் செயின் கரகரக்கும், மணி அடிக்கும், பிரேக் கீச்சிடும். இவர் வண்டியில் செயின் இல்லை, மணி இல்லை, பிரேக் இல்லை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லை. சக்கரத்தின் அச்சிலேயே இரண்டு பெடல், மேலே ஒரு சீட்டு, சீட்டின் மேல் ஆறடிச் சொல்தா. மாலையில் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்குப் பின்னால் காற்று மட்டும் கொஞ்சம் விலகும். திரும்பிப் பார்த்தால் தலைக்கு மேலே ஒரு முகம் இருக்கும். மதில்களுக்கு மேலாக ஒரு தலை மட்டும், ஏறாமல் இறங்காமல், ஒரே மட்டத்தில் போகும். பேய்க்குக் கால் தரையில் படாது என்பது ஊரறிந்த விஷயம். சொல்தாவுக்கும் படவில்லை. கோட்டுச்சேரியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வேலிக்கு மேலே அந்தத் தலையைப் பார்த்துவிட்டு மூன்று நாள் மந்திரித்துக்கொண்டார். நான்காம் நாள் மந்திரித்தவர் வீட்டு வேலிக்கு மேலும் அது போயிற்று. அவர் தொழிலையே விட்டுவிட்டதாகக் கேள்வி.

நான் அவரை முதலில் பார்த்தது நான் சூப்பரின்டெண்டாக இருந்த பென்ஷன் அலுவலகத்தில். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை சான்று தர வேண்டும். அந்தக் கையெழுத்து என் மேஜையில் விழும். ஒரு நாள் நிமிர்ந்தபோது பீரோ வரிசைக்கு மேலே ஒரு தலை வந்துகொண்டிருந்தது. வளைந்து திரும்பி, என் மேஜைக்கு எதிரே, சக்கரத்தை அரைச்சுற்று முன்னும் அரைச்சுற்று பின்னும் ஆட்டியபடி நின்றது.

"எறங்குங்க முசே" என்றேன். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை காலமாகியும் இவர்களை முசே என்றுதான் கூப்பிடுகிறோம்.

"எறங்கினா ஏற செவுரு வேணும், சூப்ரண்டு சார். கையெழுத்தப் போட்டுக் குடுங்க, இப்படியே போயிடுறேன்."

ஆள் நேரில் வர வேண்டும் என்பது விதி. வந்த ஆள் தரையில் கால் ஊன்ற வேண்டும் என்று விதியில் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் விவகாரம் ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் பார்க்க ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், வெளியே வந்து மாட்டிக்கொண்டால், வலது கால் செருப்பு என்னுடையது, இடது கால் செருப்பு யாருடையதோ. அளவு சரியாக இருந்தது. ஆனால் இன்னொருவர் கால் இன்னும் அதற்குள் இருப்பதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. வீடு வரும்வரை சூடு ஆறவில்லை.

நான்காம் நாள் சொல்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் என் இடது செருப்பு.

"மூணு நாளா போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன் சார். இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு, ரெண்டும் ரெண்டு கலருன்னு."

"கால்ல தெரியலியா?"

"கால்ல எதுவுமே தெரியறதில்லீங்களே." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் இடது பாதத்தில் குத்திக் காட்டினார். மரக்கட்டையில் குத்துவதுபோலச் சத்தம் கேட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சர்க்கரை வியாதி. வலது கால் பாதி மரத்துவிட்டது, இடது கால் முழுதும். இனி ஒரு புண் வந்து கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்புறம் எதுக்கு முசே அந்தச் சக்கரம்? விட்டுடுங்களேன்."

"விட்டா நான் யாரு சார்? உங்க மேசையில ஒரு பேப்பரு. மேல ஏறி உக்காந்தாத்தான் எனக்கே நான் இருக்கேன்னு தெரியுது."

உயிர்ச்சான்று கொடுத்தே காலம் தள்ளியவனால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். அவருக்குப் புதிதாக ஷூவும் பெடலும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் காலுக்குப் பேச வராது. அதே அளவுள்ள என் கால் பேசும். என் காலை அவர் காலின் உண்மை நகலாக வைத்துக்கொள்வது. ஆயிரக்கணக்கான நகல்களுக்குச் சான்றொப்பம் இட்டவன் நான். நகலாகவே ஆனது அதுதான் முதல் தடவை.

பஜாரில் ஷூக்கடை பாய் திகைத்துப்போனார். "ஷூ யாருக்கு?"

"எனக்கு" என்றார் சொல்தா.

"அப்ப ஏன் சூப்ரண்டு சார் போட்டுப் பாக்குறாங்க?"

"அவங்க போட்டாத்தானே பாய் எனக்குத் தெரியும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சரிதான், காலு ஒருத்தருக்கு, கடி ஒருத்தருக்கா? யா அல்லா!" என்றபடி பெட்டிகளை இறக்கினார்.

தோல் ஷூ வழுக்கும், வேண்டாம். ஓடுகிறவர்கள் போடும் ஷூவுக்கு அடிப்பாகம் மெத்தை மாதிரி. பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது, அதுவும் வேண்டாம். துபாய்ச் சரக்கு என்று பாய் ஆசையோடு காட்டிய ஒன்றில் அடியில் பள்ளமும் மேடுமாக இருந்தது. பெடலின் முள் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் அவசரத்துக்குக் காலை எடுக்க முடியாது. கடைசியில் தட்டையான ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ. கணுக்கால் எலும்பைப் பெடல் தண்டு இடிக்காமலிருக்க உயரமான கழுத்து. லேஸைக் கட்டியபின் மிச்சத்தை உள்ளே சொருகிவிட வேண்டும். தொங்கினால் தண்டில் சுற்றும், சுற்றினால் மூன்றாவது சுற்றில் ஆள் மண்ணில்.

"உள்ளார விரல விட்டுப் பாருங்க சார். தையல் எங்கியாச்சும் உறுத்துதா?"

"இல்ல."

"சுண்டு விரலு?"

"சுகமா இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "ஆமா. சுகமாத்தான் இருக்கு."

அவர் காலில் ஷூவே இல்லை.

பெடல் தேர்வு எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. வண்டியைச் சுவரோடு சாய்த்து, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெடலாக ஏறி நிற்க வேண்டும். பிளாஸ்டிக் பெடல் காலுக்குச் சாது. ஆனால் கடல் ஈரம் பட்டால் சோப்புக்கட்டி. இரும்புப் பெடலில் வரிசையாகச் சின்ன முள் இருக்கும், ஷூவைக் கவ்விப் பிடிக்கும். தப்பித்தவறிக் கால் நழுவினால் அதே முள் முழங்காலுக்குக் கீழே உழுதுவிடும், அது அவருக்குத் தெரியவும் தெரியாது. சாதக பாதகங்களை ஒரு குறிப்பாகவே எழுதினேன். முடிவு: இரும்புப் பெடல், முள்ளைப் பாதியாக அராவிவிடுவது, முழங்காலுக்குக் கீழே கால்பந்தாட்டக்காரர்கள் கட்டும் காப்பு. தினமும் இறங்கியதும் ஷூவின் அடியைப் பார்ப்பது. முள் பதிந்த தடம் எப்போதும் அதே இடத்தில் இருந்தால் கால் சரியாக இருந்தது என்று அர்த்தம்.

நான் இடது பெடலில் நின்றுகொண்டிருந்தபோது அவர் கண் மூடியே இருந்தது. "மூணாவது முள்ளு கொஞ்சம் ஒசரம், இல்ல?"

நான் அப்போதுதான் அதைச் சொல்ல வாயைத் திறந்திருந்தேன்.

அடுத்த வாரம், மாலை ஐந்து மணி. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இடது உள்ளங்காலில் வரிசையாக ஏதோ பதிந்தது. அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. பாதம் தானாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க, அந்தக் காலை ஆட்டாம இருக்க மாட்டீங்களா? குடும்பத்துக்கு ஆகாது" என்றாள் மனைவி.

"நான் ஆட்டல."

"பின்ன அடுத்த வீட்டுக்காரரா ஆட்டுறாரு?"

அடுத்த வீடு இல்லை, அடுத்த தெரு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். டாக்டரிடம் காட்டினேன். சர்க்கரை இல்லை, நரம்பில் கோளாறு இல்லை, வயது காரணமாக இருக்கலாம் என்றார். காரணம் தெரியாத எதையும் வயதின் கணக்கில் எழுதுவது அவர்கள் நடைமுறை. என் நடைமுறை வேறு. மறுநாள் சொல்தாவை விசாரித்தேன்.

"நேத்து அஞ்சேகாலுக்கு எங்க நின்னீங்க?"

"நிக்கலியே சார். கலங்கரை விளக்கத்துக்கிட்ட ஒரு நாயி குறுக்க படுத்துருந்துச்சு. அது எந்திரிக்கிற வரைக்கும் முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டு இருந்தேன். ஏன்?"

என் கால் முந்தின நாள் ஐந்தேகால் மணிக்கு அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் ஆடியது. "சும்மா கேட்டேன்" என்றேன். அரசு ஊழியன் வாழ்நாளில் சொல்லும் பெரிய பொய் அதுதான்.

பிறகு அது பழகிவிட்டது. ஒரு நாள் மட்டும் அழுத்தம் வேறு மாதிரி இருந்தது. ஆடும் பல்லின் மேல் நாக்கை வைப்பதுபோல, உள்ளங்காலுக்கு அடியில் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. எழுந்து கடற்கரைச் சாலைக்கு ஓடினேன். நான் ஓடி அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

கடல் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு மூட்டம் சாலை வரை ஏறியிருந்தது. அதற்குள்ளிருந்து முதலில் தலை வந்தது, பிறகுதான் ஆள்.

"முசே! எறங்குங்க! எடது பெடல்!"

ஏன் என்று கேட்காமல் பின்னால் குதித்தார். வண்டி சரிந்தது. இடது பெடல் தானாகக் கழன்று ணங்கென்று தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. டயர் மாற்றிய கடைக்காரர் சக்கரத்தை முன்பின் மாற்றிப் பூட்டியிருக்கிறார். இரண்டு பெடலின் மரையும் எதிரெதிராகச் சுற்றும். பக்கம் மாறிப்போனால் மிதிக்க மிதிக்கக் கழன்றுகொண்டே வரும். சைக்கிள் இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று நினைத்திருக்கிறார், பாவம்.

சொல்தா பெடலைப் பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"செருப்புப் போடாமயா ஓடியாந்தீங்க? கல்லு முள்ளு குத்துச்சுன்னா என் காலு என்னத்துக்கு ஆவும்?"

இரண்டு வருடம் கழித்து, தனியாக இருக்க வேண்டாமென்று பிரான்சில் இருக்கும் மகள் அவரை அங்கே அழைத்துக்கொண்டாள். சக்கரமும் கூடப் போயிற்று. புறப்படும்போது, "அங்க ஷூ வாங்கணும்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

"அங்கயும் எட்டாம் நம்பர் காலு இருக்கும் முசே. யாரையாச்சும் கேளுங்க."

"கேட்டா, பொட்டி பொட்டியா ஷூ குடுப்பாங்க. காலு யாரு குடுப்பா?"

போன குளிர்காலத்தில் ஒரு நாள் என் இடது சுண்டு விரல் எரிந்தது. பார்த்தேன், ஒன்றும் இல்லை. நான்கு நாள் எரிந்தது. ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். கடல் கடந்த எல்லைக்கெல்லாம் என் காலுக்கு அதிகாரம் இராது என்று நினைத்துக் கிடப்பில் போட்டுவிட்டேன். என் பணிக்காலம் முழுவதிலும் நான் கிடப்பில் போட்ட கோப்புகளில் எதற்கும் வருத்தப்பட்டதில்லை. இதற்கு வருத்தப்படுகிறேன்.

மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா தனியா போயி ஒரு ஷூ வாங்கிட்டு வந்தாங்க, அங்கிள். உள்ளார ஒரு தையல் மடிஞ்சிருந்திருக்கு. அப்பாவுக்குத் தெரியல. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. எடது காலு."

ஃபோனை அவரிடம் கொடுத்தாள். அலுவலகத்தில் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எப்படி இருக்கீங்க முசே?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார். "தினம் பத்து மணிக்கு சன்னலோரம் உக்கார வைக்கிறா. கண்ண மூடிக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். வலது காலுதான் இங்க இருக்கு. எடது காலு உங்ககிட்ட இருக்குல்ல? லேசு உள்ள சொருகியிருக்கான்னு பாத்துக்குங்க."

அங்கே காலை பத்து என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. சாப்பிட்டுக் கையலம்பி உட்கார்ந்தால் முள் வரிசையாகப் பதிகிறது. அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். என் காலும் அன்றே ஒன்றரை மணிக்கு மாறிக்கொண்டது. ஒருவர் உயிரோடிருப்பதற்கு இப்படியொரு அத்தாட்சியை யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் ஆட்சேபக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது நாள்தோறும் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்றும் மனைவி, "அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க, பெருக்கணும்" என்றாள். அரை மணி நேரம் பொறு என்றேன். அவர் வண்டியில் இருக்கும்போது நான் எப்படிக் காலை எடுப்பது?