அத்தாயிக்கு மாத்திரை அனுப்பும் விஷயம்

வளப்பூர் நாடு,
சுபானு ஆண்டு, ஐப்பசி மாதம்.

மரியாதைக்குரிய மச்சான் அர்த்தனாரி அவர்களுக்கு, தங்கை புருஷன் செங்கோடன் வணங்கி எழுதுவது. சேலத்தில் தாங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உங்கள் தங்கை அத்தாயிக்கு நெஞ்சில் சளி கட்டி, விலாவில் குத்தி, மூச்சு இழுத்தது. தூளி கட்டி மலையிறக்கி அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நிமோனியா என்று சொல்லி, சல்பா என்கிற புது மாத்திரை கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. உடனே இவள், சாமைக் கதிரை யார் அறுப்பது என்று அழுது ஊருக்குக் கிளம்பிவிட்டாள். டாக்டர் மீதியைப் பொட்டலம் கட்டி, "காய்ச்சல் இல்லீனாலும் நேரம் தப்பாம அத்தனையும் முழுங்கோணும், தண்ணி நெறையக் குடிக்கோணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

வீடு வந்தால், விசாரிக்க ஊரே திரண்டு வந்தது. பாவாயி தன் இடுப்புவலியைச் சொல்லி அழுதாள். இவள் மாத்திரை கொடுத்தாள். குப்புசாமி தன் எருது நொண்டுகிறது என்றார், எருதுக்கும் கொடுத்தாள். நான் காட்டிலிருந்து திரும்பியபோது வெறும் காகிதம்தான் கிடந்தது. "ஏன் புள்ள இப்படிப் பண்ணுன?" என்றால், "நம்மூடு தேடி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பறதுங்களா? எனக்குத்தான் நல்லாயிருச்சுங்களே" என்கிறாள்.

எங்கே நல்லாயிற்று? காய்ச்சல் முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டது. சளியில் ரத்தம். நான் மலையிறங்கி ஓடினேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த மாத்திரை கிருமியப் பெருக விடாமக் கட்டிப்போடுதுங்க. மிச்சத்த ஒடம்புதான் கொல்லோணும். பாதியில நிறுத்துனாக் கட்டு அவுந்துருமில்லீங்க? இடுப்புவலிக்கும் எருதுக்கும் அது என்னங்க பண்ணும்?" என்றார். உலகச் சண்டை நடக்கிற காலம், மருந்து வருவதில்லை. இருந்ததை வழித்துக் கொடுத்தார். அது தீர்வதற்குள் இத்துடன் உள்ள அவர் சீட்டைச் சேலத்து ஆஸ்பத்திரியில் காட்டி, கெஞ்சியாவது மருந்து வாங்கிக்கொண்டு நீங்களே நேரில் வந்துவிடுங்கள். பிதற்றலில் "அண்ணா, அண்ணா" என்கிறாள். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன், மச்சான்?

பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. அறப்பளீஸ்வரர் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
செங்கோடன்.

பி.கு.: இதை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. அண்ணன் வருகிறார் என்றதும் கோழி பிடிக்க எழுந்து போனவள், வாசலில் மயங்கி விழுந்தாள். தூக்கிப் படுக்கவைத்தேன். இப்போது வியர்க்கிறது, காய்ச்சல் சற்றுத் தணிகிறது. உங்களைக் கண்டால் மறுபடி எழுந்துவிடுவாள், ஆகவே தயவுசெய்து நீங்கள் வராதீர்கள். இதைக் கொண்டுவரும் பக்கத்துக் காட்டுச் சின்னுசாமியிடமே மருந்தைக் கொடுத்தனுப்புங்கள். வரப்புத் தகராறிலிருந்து அவனுக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.