ஊக்கம்மாவுக்குக் கிடைத்த சீட்

நின்றுகொண்டே தூங்குவதில் கும்பகர்ணி அக்காவை மிஞ்ச இந்தப் பூமியில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு. அது குதிரை. அந்தக் குதிரைக்கும் நாலு கால். அக்காவுக்கு இரண்டே கால், அதில் ஒன்றை எப்போதும் யாராவது மிதித்துக்கொண்டு நிற்பார்கள்.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட். காலை எட்டரை வண்டி. பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் அக்கா ஏறுவார். அவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. ஏறியதும் இடது கை மேல் கம்பியைப் பிடிக்கும், வலது கை துவண்டு தொங்கும், வாய் லேசாகத் திறக்கும், குறட்டை தொடங்கிவிடும். டிரைவர் பிரேக் போட்டால் மொத்த வண்டியும் முன்னால் சாயும். அக்கா மட்டும் ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போட்டதுபோல அசையாமல் நிற்பார். ஒருதடவை டயர் வெடித்து எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். உள்ளே அக்கா தன்னந்தனியாகக் கம்பியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் போய்த் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"லைன் கெடைக்கல, செத்த இருங்க" என்றார் அக்கா.

கும்பகர்ணி என்று அவருக்குப் பேர் வைத்தது யார் என்று தெரியாது. நேரில் கூப்பிடக் கூச்சப்பட்டு அதைக் 'கர்ணியக்கா' என்று சுருக்கினோம். புதிதாக வந்தவர்கள் அது கருணை என்று நினைத்து 'கருணையக்கா' என்றார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுவார்.

அந்த வண்டியில் இன்னொரு பிரபலமும் உண்டு. ஆனால் அவளை யாரும் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து நெரிசல் பஸ்ஸில் பெண்கள் நாங்கள் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. இடிப்பவன், உரசுபவன், பிரேக் போடாமலே மேலே விழுபவன். வாய் திறந்து கேட்டால், "அம்புட்டு சொகுசு வேணும்னா டாக்ஸில போறது" என்பான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்படியிருக்கையில் ஒருநாள், வெள்ளையும் சொள்ளையுமாக நின்ற ஒரு பெரிய மனுஷர் "யாத்தே!" என்று அலறி எம்பிக் குதித்து, மேற்கூரையில் தலையை இடித்துக்கொண்டார். என்ன என்று கேட்டால் எறும்பு என்றார். அடுத்த வாரம் ஒரு காலேஜ் பையன் அலறினான். சீட்டில் ஆணி என்றான். அவன் நின்றுகொண்டிருந்தான். இன்னொருத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்னியில் கல் என்று சொல்லி, பின்பக்கத்தைத் தடவினார்.

யாரோ ஊக்கால் குத்துகிறார்கள். சேப்டி பின்னைத்தான் எங்கள் பக்கம் ஊக்கு என்போம். யார் குத்துகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. தாலிச் சரட்டிலும் வளையலிலும் ஊக்கு மாட்டாத பெண் எங்கள் ஊரில் கிடையாது. எனவே சந்தேகப்பட்டால் வண்டியிலுள்ள அத்தனை பெண்களையும் சந்தேகப்பட வேண்டும். குத்துப்பட்டவனாலும் புகார் சொல்ல முடியாது. சொன்னால், அந்த நேரத்தில் தன் கை எங்கே இருந்தது என்றும் சொல்ல வேண்டிவரும்.

வண்டியே சேர்ந்து அவளுக்கு ஊக்கம்மா என்று பேர் வைத்தது. கூமாப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள், "அது மனுசி இல்ல, தெய்வம்" என்று தீர்ப்புச் சொல்லி, ஜன்னல் கம்பியில் பத்துப் பன்னிரண்டு ஊக்கைக் கோத்து மாலையாகக் கட்டிவிட்டுப் போனார். கண்டக்டரும் அவிழ்க்கவில்லை. இத்தனைக்கும் ஊக்கம்மா மாதத்துக்கு ஓரிருவரைக் குத்தியிருந்தாலே அதிகம். ஆனால் புகழ் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வத்திராயிருப்பு வண்டிக்கும் சிவகாசி வண்டிக்கும் போய்விட்டது. எந்த வண்டியானாலும் சரி, ஒரு பெண் வளையலிலிருந்து ஊக்கை 'டக்' என்று கழற்றினால் போதும். சுற்றி நின்ற ஆண்கள் ஒரு முழம் விலகி, மேற்கே மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ரைஸ்மில் அண்ணாச்சி குத்துப்பட்டார்.

அண்ணாச்சிக்குச் சொந்தமாகக் கார் இருந்தது. இருந்தும் நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸில்தான் வருவார். எம்புட்டு எளிமை என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் அண்ணாச்சி அலறினார். மற்றவர்களைப்போல எறும்பு என்று சொல்லிவிட்டுப் போகாமல், பக்கத்தில் நின்ற பெண்ணின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டார்.

அவள் தையல் டீச்சர். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். குனிந்த தலை நிமிராத பிள்ளை. தேவதானத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. அண்ணாச்சி அவள் பையைப் பிடுங்கித் திறந்தார். உள்ளே தையல் டீச்சரின் பையில் என்ன இருக்குமோ அது இருந்தது. கையூசி, கோணூசி, எம்பிராய்டரி ஊசி.

"பாத்தீகளா? பையா இது, ஆயுதக் கெடங்கு! இவதான்யா ஊக்கம்மா!"

அண்ணாச்சி அதோடு விடவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆம்பளைகளைக் குத்துகிறவளைப் பிள்ளைகளுக்கு டீச்சராக வைக்கலாமா என்று சத்தம் போட்டார். விஷயம் தீரும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து, "செத்த பொறுத்துப் பாப்போம்" என்று தாக்கல் வந்தது. எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் 'செத்த பொறுப்போம்' என்றால் இனிமேல் வரமாட்டோம் என்று அர்த்தம். டீச்சர் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாக அண்ணாச்சி பெருந்தன்மை காட்டினார். செய்யாத காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டால், செய்ததாக ஆகிவிடாதா?

மறுநாள் எட்டரை வண்டியில் இதே பேச்சு. பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஊக்கம்மா யாரா இருந்தாலும் இந்த வண்டிலதான் நிக்கிறா. தாயி, நீ சொல்லிரு. ஒரு கொமரிப் புள்ள வாழ்க்கை போகுது."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். அவர் சித்திரக்கதைப் பைத்தியம். பக்கத்து சிவகாசியில் அச்சாகும் புத்தகங்களைக் காக்கிச் சட்டைக்குள் செருகி வைத்திருப்பார். "சொல்லக் கூடாதுக்கா. நானும் எம்புட்டுக் கதை படிச்சிருக்கேன். முகமூடிக்காரனுக்கு வலு கையிலயா இருக்கு? அவன் யாருன்னு தெரியாததுலதான் இருக்கு. முகமூடியக் கழட்டிட்டான்னா, பொறவு அவனும் நம்மள மாதிரி ரேசன் கடையில நிக்கிற ஆளுதான்."

"ஒமக்குக் கதை. அந்தப் புள்ள அழுறது கதையா?"

"இவ ஒருத்தி தப்பிப்பா. மத்த புள்ளைகளுக்கு யாரு இருக்காக்கா?"

"சாலு, சாலு!" போதும் என்று தெலுங்கில் அதட்டினார் முன்சீட்டு அம்மாள் ஒருவர். "ரெண்டு பேரும் செரிதான். அதுதான் கஷ்டம்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நர்ஸம்மா பேசும்போது நர்ஸம்மா சரி. கண்டக்டர் பேசும்போது கண்டக்டர் சரி. கும்பகர்ணி அக்காவின் குறட்டை மட்டும் அன்றைக்கு ஒரு சுருதி இறங்கியிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கும் மறுநாள் தையல் டீச்சர் தன் அப்பாவோடு ஏறினாள். அவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், விறைப்பான மனுஷர். அன்றைக்கு அந்த விறைப்பு இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார்கள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அதை வாங்கிக்கொள்ள அண்ணாச்சியும் ஏறினார். இடது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. பேண்டேஜ் துணி நெய்கிற ராஜபாளையத்தில் கட்டுக்கா பஞ்சம்!

"கையில எறக்கிட்டா பாத்துக்கோங்க. எலும்பத் தொட்டுட்டு வந்திருக்கு ஊசி" என்று ஆளாளுக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

குறட்டை நின்றது.

"அண்ணாச்சி, குத்துனது நான்தான்."

எல்லோரும் திரும்பினோம். கும்பகர்ணி அக்கா கண்ணை அகலத் திறந்து நின்றார். அவருக்கு அவ்வளவு பெரிய கண்கள் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு கொல்லென்று சிரிப்பு. கண்டக்டர் சிரித்தார், நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். அண்ணாச்சி, "தூக்கத்துல ஒளறாத தாயி, வாயத் தொடச்சிக்கோ" என்றார்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டார். வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றிக் காட்டினார்.

"கையில குத்தல அண்ணாச்சி. வலது தொடையில குத்துனேன். ஒமக்கு முன்னால ரெட்டைச்சடை போட்ட பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணு நின்னுச்சு. ஒம்ம கை அப்ப எங்க இருந்துச்சுன்னு நான் சொல்லவா, நீரே சொல்லுதீரா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"கையிலதான் காயம்னா கட்ட அவுத்துக் காட்டும். நர்ஸம்மா இருக்காக, பாக்கட்டும்."

நர்ஸம்மா அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அண்ணாச்சி கட்டுப்போட்ட கையைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு, "வண்டிய நிப்பாட்டு!" என்று கத்தினார். வயற்காட்டு நடுவில் இறங்கி நடந்தார். கையில் குத்துப்பட்டவர் வலது காலை நொண்டிக்கொண்டு போவதை மொத்த வண்டியும் எட்டிப் பார்த்தது.

தையல் டீச்சர் அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அப்பா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். நெரிசலில் முழங்கை கண்டக்டரின் மூக்கில் பட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அந்த வாரமே பொறுத்துப் பார்த்து முடித்துவிட்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எட்டரை வண்டியில் பாதிப்பேர் பந்தியில் இருந்தோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மகளிர் சங்கத்தில் அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் போகிற இடமெல்லாம் கையில் பால்கோவாவைத் திணித்தார்கள். கண்டக்டர் டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் சீட்டைத் துடைத்துவிட்டு, "நீங்க நிக்கலாமாக்கா? இனிமே இது ஒங்க சீட்டு" என்றார். அக்கா எவ்வளவோ மறுத்தார். நாங்களே தோளைப் பிடித்து உட்கார வைத்தோம். முதல் சீட்டில் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்தால் டிரைவர் மட்டும்தான் தெரிவார். அந்த டிரைவர் பாவம், சொக்கத்தங்கம்.

இளவட்டங்கள் ஏறுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். "ஏலே, உக்காந்திருக்கா. அடுத்த வண்டில போவோம்." எங்கள் வண்டி கோயிலாகிவிட்டது. அடுத்த வண்டி நரகமாகிவிட்டது. பெண்டாட்டி பிறந்தநாளை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களெல்லாம் எக்ஸ்சேஞ்சில் அக்காவுக்கு எந்தக் கிழமை லீவு என்று மனப்பாடமாகச் சொன்னார்கள்.

நாங்களும் முயலாமலில்லை. ஒருநாள் அடுத்த வண்டியில் வந்த நர்ஸம்மா, மேலே சாய்ந்தவனைப் பார்த்து வளையலிலிருந்து ஊக்கை 'டக்' என்று கழற்றியிருக்கிறார். அவன் திரும்பிப் பார்த்து, "நீ ஊக்கம்மா இல்லையே. அவ இன்னைக்கு லீவுல்லா?" என்றானாம். குத்தத்தான் செய்தார். அவன் கையை முறுக்கி, ஊக்கைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டான். மறுநாள் நர்ஸம்மா அதைச் சொன்னபோது கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஒரு சாயங்காலம் திரும்பும் வண்டியில் அக்காவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்து வரத் தொடங்கியதிலிருந்து அவர் பஸ்ஸில் தூங்குவதே இல்லை.

"முன்னாடியெல்லாம் நெசமாவே தூங்குனீகளாக்கா?"

"பாதி நேரம் நெசந்தான்ட்டி. விடியக்காலம் எந்திரிச்சு சோறாக்கி, எக்ஸ்சேஞ்சு வேலையும் பாத்தா கண்ணு சொருகாதா? மீதி நேரம் சும்மா. தூங்குறவ பக்கத்துலதான் அவனுகளுக்குத் துணிச்சல் வரும். கைக்கு எட்டுற தூரத்துல வந்து நிப்பானுக."

"எப்படிக்கா ஆரம்பிச்சீக?"

"ஒரு சின்னப்புள்ள அழுதுகிட்டே எறங்கிப் போச்சு. என்னன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. மறுநா ஊக்கக் கழட்டிட்டேன்."

அன்றைக்கு வண்டியில் சொன்னது தப்பென்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அந்த டீச்சர் புள்ளைக்காக இன்னொருக்கா வேணாலும் சொல்லுவேன். ஆனா அடுத்த வண்டிப் புள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்ல? அவுகளும் புள்ளைகதான." பிறகு, "நல்ல சீட்டுத்தான். உக்காரத்தான் முடியல" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று எங்களிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "தெரிஞ்சா நீங்க அங்க வந்தும் சால்வை போத்துவீக" என்று சிரித்தார். ஆசையாகத் துருவித் துருவிக் கேட்ட கண்டக்டருக்கும் அதே பதில்தான்.

அவர் போன மறுவாரம் எட்டரை வண்டியில் ஏறினேன். கூட்டம். உள்ளே நகர்ந்து நின்றதும் என் கை தானாக டிபன் பையைத் தூக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன். ஒருத்தி புத்தகக்கட்டை அணைத்திருந்தாள், ஒருத்தி கட்டைப்பையை, ஒருத்தி வெறும் கைகளை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரைக்கும் எத்தனையோ வருஷம் அந்த நெரிசலில் நான் கையை வீசிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது, அக்கா, நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.