கடல்கட்டி பிடித்த குமரிப் பேய்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் தூத்துக்குடிக்கு வந்த பஸ்ஸில் பாதி ஜனம் கப்பல் பார்க்க வரவில்லை, உப்பு வாங்க வரவில்லை, அய்யாக்குட்டியைப் பார்க்க வந்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து நாமம் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாத்தான்குளத்திலிருந்து வேதப்புத்தகத்தைப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். பேய் விஷயத்தில் மட்டும் நம் ஜனங்களுக்குள் மதச்சண்டை கிடையாது.

அய்யாக்குட்டி யார் என்றால், கடல்கட்டி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஆட்கள் கடலில் முங்கும்போது கரையில் ஒருவன் குடிசைக்குள் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவான். அவன்தான் கடல்கட்டி. முங்குகிறவன் மூச்சை அடக்கிச் சிப்பி எடுப்பான். இவன் உட்கார்ந்த இடத்தில் அதில் பங்கு எடுப்பான். அய்யாக்குட்டியின் அப்பன் பார்த்த உத்தியோகம் அது. மகன் தலையெடுத்த நேரத்தில் கடலில் சிப்பி விளையவில்லை. குளிப்பு நின்றுபோனது. சுறா சும்மா திரிந்தது, அய்யாக்குட்டியும் சும்மா திரிந்தான்.

திரிந்தவன் ஒருநாள் மீன் ஏலம் போடுகிற இடத்தில் நின்று கேட்டான்: "நான் பட்டத்துக்கு வந்த பெறகு, முத்துக்குளிக்கப் போன ஒருத்தனையாவது சுறா தொட்டிருக்கா? நெஞ்சுல கைவச்சுச் சொல்லுங்க."

ஜனம் நெஞ்சில் கை வைத்தது. தலையில் வைக்கவில்லை. ஆமாம், ஒருத்தனையும் தொடவில்லை. முத்துக்குளிக்க ஒருத்தனுமே இறங்கவில்லை, பிறகு சுறா யாரைத் தொடும்? இந்தக் கேள்வியை ஒரு கழுதை கேட்டிருக்கும். அன்று கடற்கரையில் கழுதை இல்லை, ஜனம்தான் இருந்தது.

"சுறா வாயையே கட்டுனவரு, பேய் வாயைக் கட்ட மாட்டாரா?" என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டான். அவ்வளவுதான். மறுமாதமே அய்யாக்குட்டிக்குக் கடற்கரையில் ஓலைக்குடிசை, குடிசைக்கு முன்னால் கூட்டம், கூட்டத்துக்கு நடுவில் பால்துரையின் சோடாக்கடை. அய்யாக்குட்டி தனக்குக் 'கடல் ராஜா' என்று பட்டமும் சூட்டிக்கொண்டான்.

வைத்தியம் இப்படி. பேய் பிடித்தவரைப் பாய்மரத் துணியால் தலையிலிருந்து கால்வரை மூடிக் கூட்டிவர வேண்டும். பேய் கடலைப் பார்த்தால் தாவி ஓடிவிடுமாம். ஓடினால் நல்லதுதானே என்று யாரும் கேட்கவில்லை. மூடிய ஆள் எதிரே உட்கார்ந்ததும் அய்யாக்குட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல், உள்ளே இருப்பது ஆண்பேயா பெண்பேயா, எந்த ஊர், என்ன கேட்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவான். சொன்னபிறகு திருக்கைவால். திருக்கை மீனின் வாலைக் காயவைத்தால் அது சாட்டை. தோலோடுதான் திரும்பி வரும். முந்தின மாதம் அதை வாங்கிக்கொண்ட ஒருவன் அப்போதும் குப்புறத்தான் படுத்திருந்தான். குணமாகிவிட்டதாம். இருக்கும், பேச வாய் வரவில்லையே.

இடையிடையே பால்துரை குடிசைக்குள் சோடா கொண்டுபோவான். "கடலுக்குப் படையல்" என்பான். கடல்கட்டி விரதக்காரர், பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரிய ஏப்பம் கேட்கும். வெளியே ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"கடல் பொங்குதுளா" என்பாள் ஒருத்தி, பக்கத்துப் பெண்ணிடம். எங்கள் பக்கத்தில் ஆணை ஏலே என்றும் பெண்ணை ஏளா என்றும்தான் கூப்பிடுவோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

கருப்பட்டி மண்டி சிவசுப்பிரமணியன் என்று ஒருவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவருக்கு ஒரே பிள்ளை. சங்கரபாண்டியன் என்று பேர் வைத்து, வேட்டி கட்டி, மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிள்ளைக்கு இருபது வயதானது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா அம்மாவிடம், "நான் பொம்பளதான். சின்ன வயசுல இருந்தே எனக்குத் தெரியும். என்னைச் செல்லக்கனின்னு கூப்பிடுங்க, வேட்டிக்குப் பதிலாச் சேலை குடுங்க" என்று சொல்லிவிட்டது.

நானும் இனிச் செல்லக்கனி என்றே எழுதுகிறேன், அவள் என்றே எழுதுகிறேன். முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சோடா குடித்து ஏப்பம் விடுகிறவன் தன்னைக் கடல் ராஜா என்று சொன்னபோது நீங்கள் அத்தாட்சி கேட்கவில்லை. இவளிடம் மட்டும் எதற்குக் கேட்கிறீர்கள்?

அப்பா வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். ஒரு நாட்டு வைத்தியர் செல்லக்கனியின் நாடியைப் பிடித்துவிட்டு, கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். ஒரு கோட்டு போட்ட டாக்டர், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து விளக்கெண்ணெய் எழுதிக் கொடுத்தார். செல்லக்கனி பகல் முழுக்கக் கொல்லைக்குப் போய்வந்தாள்; போனபோதும் செல்லக்கனி, வந்தபோதும் செல்லக்கனி. ஒரு ஜோசியன், கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றான். எந்த வீட்டுப் பெண்ணைப் பலி கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்து, "நீ சொல்லு" என்று கேட்கவில்லை.

கடைசியில் கடல்கட்டி. சிவசுப்பிரமணியன் பால்துரை கடையில் ஒரு சோடா குடித்து, அவனிடம் பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டு, குடிசை வாசலில் போய் நின்றார். அய்யாக்குட்டி கண்ணை மூடித் திறந்து, "குமரிப் பேய். கன்னி கழியாமச் செத்தவ. சேலை கேக்கா" என்றான். துணிக்குக் கடைவாசலில் விடிய விடிய ஜனம் நிற்கிற காலம் அது. அம்மா சந்தனமாரி தன்னுடைய கூறைச்சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சேலை கேட்ட பிள்ளைக்குத் திருக்கைவால். சேலை கேட்ட பேய்க்குக் கூறைச்சேலை. நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அடி என்று முடிவானது.

செல்லக்கனி பயந்து செத்தாள். வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு, பீச் ரோட்டில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்த டாக்டர் கிருபாநிதியிடம் போனாள். அவர் நாசரேத்துக்காரர். பர்மாச் சண்டையில், குண்டுச் சத்தத்தில் மனசு உடைந்துபோன சிப்பாய்களைப் பார்த்தவர். டாக்டர்மாரை நம்புகிற ஆள் இல்லை நான். ஊசியைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்த மனுஷன் செய்ததைச் சொல்லாமல் விட்டால் என் வாய் புழுத்துப்போகும்.

"எங்க வலிக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல டாக்டர். வீட்டாளுகளுக்குத்தான் வலிக்கு."

டாக்டர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அப்ப மருந்து அவுகளுக்குத்தானே?"

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுது முடிகிறவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கெண்ணெயும் எழுதவில்லை.

"இதப்பத்திப் புத்தகத்துல நான் படிச்சது கொஞ்சம். படிச்சதுல உருப்படியானது அதவிடக் கொஞ்சம். நீ சொல்லு, நான் கேக்கேன். உன் பேரு என்ன?"

"செல்லக்கனி."

"சொல்லு செல்லக்கனி."

அந்த நாலு சுவருக்குள் முதல் தடவையாக ஒரு வெளி ஆள் அவளை அந்தப் பேரால் கூப்பிட்டான். கூரை இடிந்து விழவில்லை. கடலும் உள்ளே வரவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், திருக்கைவாலையும் சொன்னாள்.

"நான் உங்கப்பாகிட்டப் பேசட்டா?"

"பேசுனாக் கேக்க மாட்டாக. கருப்பட்டியப் பத்திப் பேசுனாத்தான் கேப்பாக. எந்தச் சிப்பத்தையும் உடைச்சு நாக்குல வைக்காம எடுக்க மாட்டாக."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார்.

"அண்ணாச்சி, கருப்பட்டிய உடைச்சுப் பாக்காம எடுப்பீகளா?"

"எவன் எடுப்பான்? உள்ள மண்ணும் சுண்ணாம்புமா வச்சிருப்பானுவ, களவாணிப்பயலுவ."

"கடல்கட்டிய உடைச்சுப் பாத்தீகளா?"

சிவசுப்பிரமணியனுக்கு மீசை துடித்தது. "அவரு என்ன கருப்பட்டியா? முகத்தப் பாக்காமலே உள்ள இருக்கது இன்னதுன்னு சொல்லுதாரு வே!"

"அப்ப ஒருத்தருக்குப் பதிலா மூணு பேரை மூடி உக்கார வைப்போம். உங்க பிள்ளை ஒண்ணு, நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு. பேயி எங்க இருக்குன்னு அவரு சொல்லிட்டா, நான் போர்டைக் கழத்திட்டு ஊருக்குப் போயிருதேன். தப்பாச் சொன்னா, பிள்ளை மேல கை வைக்கக்கூடாது."

"மூணு என்ன, முப்பது பேரை மூடும். எங்க ஆளு சொல்லுவாரு."

வெள்ளிக்கிழமை வந்தது. கடற்கரையில் கூட்டம் தேர்த்திருவிழாவைத் தோற்கடித்தது. பால்துரை வழக்கம்போலச் சிவசுப்பிரமணியனிடம் வந்து, "அண்ணாச்சி, இன்னைக்குப் பிள்ளைக்கு எப்படி இருக்கு? ராத்திரி தூங்குச்சா? பயப்படுதா?" என்று பாசமாகக் கேட்டான். "பயந்து நடுங்குதான்" என்றார் அவர். பால்துரை சோடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கடல் பொங்கியது.

அதன்பிறகு மூன்று பேரும் முன்பு சங்கு அடுக்கிவைத்த ஒரு பாழடைந்த கிட்டங்கிக்குள் போய், யார் எது என்று வெளியே தெரியாதபடி துணியைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். மூன்று மூட்டை போல வரிசையாக உட்கார்ந்தார்கள். அய்யாக்குட்டி வெளியே வந்தான். மூட்டைகளைப் பார்த்தான். முகம் சுண்டியது.

"மூணு எதுக்கு? ஒண்ணுதான வரணும்."

"உங்களுக்கு மூணெல்லாம் ஒரு கணக்கா ராஜா?" என்று கூட்டம் கத்தியது. கூட்டம் யாரையாவது நம்பிவிட்டால் அவனைக் குழிக்குள் தள்ளாமல் விடாது.

வேறு வழியில்லை. அய்யாக்குட்டி திருக்கைவாலை எடுத்து ஒவ்வொரு மூட்டையின் காதருகிலும் வீசிப் பார்த்தான். விஷ்ஷ் என்று சத்தம். முதல் மூட்டை அசையவில்லை. அது டாக்டர், பீரங்கிச் சத்தம் கேட்ட காது. இரண்டாவது மூட்டையும் அசையவில்லை, அது செல்லக்கனி. பக்கத்தில் ஒரு ஆள் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறான் என்றால் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துவிடும். மூன்றாவது மூட்டை வெடவெட என்று நடுங்கியது. பிள்ளைக்கு என்று ஏற்பாடு செய்த வாலின் சத்தத்தை அப்பன் அன்றுதான் பக்கத்தில் கேட்டார்.

நடுங்குவதுதான் சரக்கு என்று அய்யாக்குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டதே. பாய்ந்து மூன்றாவது மூட்டையின் கழுத்தைப் பிடித்தான்.

"சிக்கிட்டா! குமரி இங்கனதான் இருக்கா! உன் பேரு என்னளா?"

"ஏ, நான் சிவசுப்பிரமணியன் வே."

"பாத்தீகளா, பெத்த அப்பன் குரல்லயே பேசுதா. கள்ளி." ஓங்கி ஒன்று வைத்தான்.

"ஐயோ! மண்டிச் சாவி என் மடியில இருக்கு, பாருலே!"

"மண்டிச் சாவி மேலயும் கண்ணு வச்சிட்டா." இன்னொன்று.

"ஏலே, மீசை இருக்குலே எனக்கு!"

"பேய்க்கு மீசை வேற கேக்குதோ?"

அடுத்த அடிக்கு டாக்டர் தன் துணியை உதறி எழுந்து அவன் கையைப் பிடித்தார். செல்லக்கனி ஓடிவந்து துணியை இழுத்தாள். உள்ளே கருப்பட்டி மண்டி அதிபர், வியர்வையும் கண்ணீருமாக, மீசை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் மீசையைப் பார்த்தது, பிறகு திருக்கைவாலைப் பார்த்தது. ஆனால் அய்யாக்குட்டி சாமானியன் இல்லை.

"பயப்படாதீக. குமரி பிள்ளைய விட்டு அப்பனுக்குத் தாவிட்டா. வாலைப் பாத்த பயம். பிள்ளை சொகமாயிட்டான்."

"அதான பாத்தேன்" என்று நாலைந்து தலைகள் ஆடின. கண்ணால் பார்த்த பிறகும் ஆடுகிற தலையை என்ன செய்ய?

செல்லக்கனி முன்னால் வந்தாள். "அப்ப எனக்குள்ள பேயி இல்ல?"

"இல்லவே இல்ல."

"துளிகூட இல்ல?"

"கடல் சாட்சியா இல்ல. நீ சுத்தமாயிட்ட."

"சரி. பேயி இல்லாமலே சொல்லுதேன், எல்லாரும் கேளுங்க. நான் செல்லக்கனிதான். முந்தியும் நான்தான் பேசுனேன், இப்பவும் நான்தான் பேசுதேன். இனி அடிக்கணும்னா என்னைத்தான் அடிக்கணும். பேய் மேல பழி போட முடியாது."

அய்யாக்குட்டி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஊரில் எல்லா வாயையும் கட்டுகிறேன் என்றவனுக்கு அன்று ஒரு வாய்தான் கட்டுப்பட்டது.

அந்த நேரம் சிவசுப்பிரமணியன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வியாபாரி மூளை, அடிபட்டால் வேலை செய்யும். "பயந்து நடுங்குதான்னு நான் பால்துரைகிட்டத்தான சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே குடிசைக்குள் நுழைந்து பாயைத் தூக்கினார். அடியில் காலி சோடாப் பாட்டில்கள் வரிசையாகத் தூங்கின. விரதம் உருண்டு வெளியே வந்தது.

பால்துரை கடையைப் போட்டுவிட்டு ஓடினான். அய்யாக்குட்டி அவனுக்கு முன்னால் ஓடினான். பேய்கள் கேட்டு வாங்கின சேலைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அய்யாக்குட்டியின் பெண்சாதி எப்போதோ போய்விட்டாள். அந்தக் கடற்கரையில் முன்கூட்டி யோசித்தது அவள் ஒருத்திதான். இப்போது அவன் வேறு ஜில்லாவில் மழையைக் கட்டுகிறானாம். அங்கே ஒரு வருஷமாக வெள்ளமே வரவில்லையாம். அந்த ஜனமும் நெஞ்சில் கைவைத்திருக்கும்.

சிவசுப்பிரமணியன் முதுகுக்கு மருந்து போட டாக்டரிடம் போனார்.

"முதுகு தவிர வேற எங்கயும் வலிக்கா அண்ணாச்சி?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "ஊரு சிரிக்குமே டாக்டர்" என்றார்.

"சிரிக்கும். நீங்க கூடச் சேந்து சிரிக்காம இருந்தாப் போதும்."

புண் ஆறின பிறகும் அவர் வாரா வாரம் போனார். செல்லக்கனி தனியாகப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். கஷாயம் இல்லை, ஊசி இல்லை, கத்தரிக்காயும் விலக்கில்லை. அப்பா ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று கதை விடமாட்டேன். ஆனால் ஒருநாள் மத்தியானம் வீட்டோடு ஒட்டியிருந்த மண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஏலே..." என்று தொடங்கி, நிறுத்தி, மீசையைத் தடவிவிட்டு, "ஏளா, சோறு ஆறுது, வா" என்றார். சந்தனமாரி அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

பெத்தவர்களே, உங்கள் பிள்ளை உங்கள் எதிரே உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்த தமிழில்தான் பேசுகிறது. அதை விளங்கிக்கொள்ள ஊர் ஊராக ஆள் தேடுகிறீர்கள். ஒருதரம் வாயை மூடிக் காதைத் திறந்து, யோசித்துப் பாருங்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கார் ரேஷன் வைத்திருக்கிறது. மூளைக்கு இன்னும் வைக்கவில்லை. மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?