செத்தவனை எழுப்பிய பிடில்

இங்கிலீஷ் சங்கீதக் காகிதம் படிக்கத் தெரியும் என்று நான் சொன்னது பொய். (மெட்ரிகுலேஷன் தேறியவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது நானே நம்பிக்கொண்டிருந்தேன்.)

வேலூரில் ஊமைப் படம் ஓடிய கொட்டகையில், திரைக்கு முன்னால் எட்டுப் பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டாவது பிடில்காரர் மெட்ராஸுக்குப் போய்விட, அந்த நாற்காலி சோதனைக்காக ஒரே ஒரு ஆட்டத்துக்கு எனக்கு வந்தது. தேறினால் பிடில்காரன். தவறினால் ஆம்பூர் மாமாவின் கிடங்கில் தோல் தரம் பிரிக்க வேண்டும் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிடிலைக் காதால் தொடர்ந்தேன். பாட்டுக் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசித்த பழக்கம். அரை மூச்சு பிந்திப் போனால் போதும். முக்கால் படம் ஜோராகப் போயிற்று.

அப்புறம் கதாநாயகன் மார்பில் கத்தி வாங்கி விழுந்தான். கதாநாயகி அவன்மேல் சாய்ந்தாள். சட்டென்று மற்ற ஏழு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோருமா மறந்துவிட்டார்கள்? நம் கச்சேரியில் பாடகர் மூச்சு வாங்க நிறுத்தினால், பிடில்தான் இடத்தை நிரப்பி மானத்தைக் காக்க வேண்டும். காத்தேன். மோகனத்தில், துரித காலத்தில்.

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய டிசோசா மாஸ்டர் என் பக்கம் குச்சியைப் பலமாக ஆட்டினார். (சபாஷ் என்கிறாராக்கும்!) வேகத்தைக் கூட்டினேன். இரண்டு கைகளாலும் காற்றை அடித்தார். எனக்காகத் தாளமே போடுகிறாரே என்று கண் கலங்கிவிட்டது.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "இன்னாடா இது, செத்தவன் எழுந்து ஆடப் போறானா?"

"அவனுக்குக் கல்யாணம்பா! பொண்ணு பக்கத்துலயே குந்தினு இருக்குது, பாரு!"

கொட்டகையே கைதட்டியது. நான் எழுந்து வணங்கினேன். (ஐயோ!)

படம் முடிந்ததும் மாஸ்டர் என் காகிதத்தைத் தட்டினார். "இது இன்னா, சொல்லு."

"கறுப்பா, கட்டை கட்டையா... மை கொட்டிடுச்சுன்னு நெனைச்சேனுங்க மாஸ்டர்."

"அது நிறுத்தம்! வாசிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு!"

"எவ்ளோ நேரத்துக்குங்க?"

"அவன் சாவணும், அவ அழுது முடிக்கணும், அதுவரைக்கும்!" நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு இன்னும் ஜாஸ்தி. நாளைலேர்ந்து வராதே."

திங்கட்கிழமை ஆம்பூர் போனவன், இன்றுவரை தோல்தான் தரம் பிரிக்கிறேன். இப்போதும் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பேச்சு ஒரு கணம் நின்றுவிட்டால், என் மனைவி அவசரமாக என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"சும்மா இருங்க," என்பாள் காதோடு. "அவங்க ஒண்ணும் மறந்துபோய் நிறுத்தல."