பரவையில் உறைபனி விழுந்த நாள்

எதையும் எழுதி வைத்துக்கொண்டால் தவறு நடக்காது என்று நம்புகிறவன் நான். இருபத்திரண்டு வயதில் இந்த நோய் இன்னும் முற்றியிருந்தது. அப்போதுதான், சித்திரை வெயிலில், மதுரைக்குப் பக்கத்துப் பரவையில் உறைபனி விழவைக்கப் புறப்பட்டேன்.

அந்த வருஷம் பரவையில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். இயற்கைப் பாடம் எடுத்தவர் ஹெலனம்மா. அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிகளுக்குப் பக்கத்தில் பிறந்தவர். வெகுகாலம் இங்கேயே இருந்ததில் அவர் தமிழ் எங்கள் தமிழைவிட மதுரையாகிவிட்டது. அவருடைய ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒஜிப்வே என்னும் ஆதிகுடியைச் சேர்ந்தவராம். தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வரும் அவர்களுடைய பாடங்களைச் சிறுவயதில் கேட்டிருந்த ஹெலனம்மா, அவற்றை எங்களுக்கும் சொல்வார். செடியிடம் கேட்டுவிட்டுப் பறிக்க வேண்டும். முதலில் கண்ணில் படும் செடியைத் தொடக்கூடாது. எடுத்ததற்கு ஈடாகக் கொஞ்சம் புகையிலை வைக்க வேண்டும்.

நான் எண் போட்டு எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. விடுதி முருங்கைமரத்தடியில் தினமும் ஒரு சிட்டிகை புகையிலை வைத்தேன். (அதைச் சமையற்காரர் தினமும் எடுத்து வாயில் அடக்கிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம் என் சாம்பாரில் மட்டும் முருங்கைக்காய் அதிகமாக விழுந்ததற்கு மரம் காரணமல்ல.)

அந்தப் பெண்மணி சொன்ன கரடிக் கதை ஒன்று உண்டு என்பார்; ஆனால் அதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

"அதெல்லாம் தரையில உறைபனி கெடக்கையிலதேன் சொல்லணும். கரடி, பாம்பு, தவளை எல்லாம் அப்பத்தேன் தூங்கும். அதுக முழிச்சிருக்கையில அதுகளப் பத்திப் பேசுறது மரியாதை இல்ல. எனக்குச் சொன்னவுக போட்ட சட்டம்" என்பார்.

படிப்பு வருஷக் கடைசியில் இடி விழுந்தது. வியாழக்கிழமை மாலை ரயிலில் ஹெலனம்மா ஊரைவிட்டே போகிறார், திரும்பமாட்டார். அந்தக் கதையை எனக்குச் சொல்ல இந்தச் சீமையில் வேறு ஆள் கிடையாது.

யோசித்தேன். சட்டம் கேட்பது உறைபனி. உறைபனி என்பது உறைந்த தண்ணீர். மதுரையில் ஐஸ் கம்பெனி இருக்கிறது. எத்தனை மைல் அகலத்துக்குப் பனி வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

"மாப்ள, இது நடக்குமாடா?" என்றான் வகுப்புத் தோழன் சோலை.

"எல்லாம் எழுதிட்டேன்டா."

எழுதியும் இருந்தேன். ஐஸ் பாளம் நான்கு, மரத்தூள் மூன்று மூட்டை, நனைத்த சாக்கு ஆறு, ஒற்றை மாட்டு வண்டி ஒன்று. எந்த மைல்கல்லில் எவ்வளவு கரைந்திருக்கும் என்பதற்குத் தனிப் பக்கம்.

வியாழன் காலை வண்டி மதுரையை விட்டது. கூடவே வந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, வண்டி ஒழுகுது" என்றார் வண்டிக்காரர்.

"அது கணக்குல இருக்குண்ணே."

"மாடு திரும்பித் திரும்பிப் பாக்குதே."

"பாத்துட்டுப் போகட்டும்ணே."

வந்து சேர்ந்தபோது பாளங்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. என் கணக்கு அச்சாகப் பலித்ததில் தலைகால் புரியவில்லை. வேப்பமரத்தடியில் சுத்தியலால் பொடித்து, நான்கு பாய் அகலத்துக்குப் பரப்பினோம். வகுப்பே சுற்றி உட்கார்ந்தது. ஓடிப்போய் ஹெலனம்மாவை அழைத்து வந்தேன்.

அவர் கன்னத்தில் கைவைத்து நின்றுவிட்டார். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மெதுவாக உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். நான் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.

அப்போது 'சளப், சளப்' என்று ஒரு சத்தம். வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு, கண்ணை மூடிக்கொண்டு பனியை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்து இரண்டு ஆடுகள். ஒரு நாய் நேரே நடுவில் வந்து வயிறு பதியப் படுத்தது. பிறகு காக்கைகள், இரண்டு அணில். சித்திரை மாதத்தில் பரவையில் தாகம் எடுத்த ஜீவன் ஒன்று பாக்கியில்லை.

ஹெலனம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"ஏப்பா, அதுக தூங்கணும்னுதானே பனியக் கேட்டேன். நீ பனியக் கொட்டி ஊர்ல உள்ள அம்புட்டையும் எழுப்பிக் கூட்டியாந்துட்டியே."

"மாட்ட வெரட்டிர்றேம்மா. கரடியப் பத்தித்தான சொல்லப் போறீக, கரடி இங்க இல்லையே."

"கரடி இல்ல. எனக்குச் சொன்னவுகளும் இங்க இல்ல. அதுக்காகச் சட்டம் இல்லாமப் போயிருமா?"

நோட்டைக் கீழே போட்டேன். மாட்டை விரட்டினாலாவது மனம் மாறுவாரா என்று பாய்ந்தேன். காலடியில் ஐஸ். மல்லாந்து விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவில் கிடந்தேன். அது நக்குவதை நிறுத்தாமல் என் நெற்றியையும் ஒருமுறை நக்கியது.

ஹெலனம்மா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிச்சமிருந்த பாளத்தை உடைத்துச் சமையற்காரர் நன்னாரி சர்பத் கலக்க, வகுப்பே இரண்டு இரண்டு டம்ளர் குடித்தது. மாலை ரயிலில் ஹெலனம்மா போனார். கரடியும் கூடவே போனது.

அந்தக் கதையை இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் என் கதையைச் சோலை, என் கல்யாணப் பந்தியிலேயே பெண்வீட்டாருக்கு முழுசாகச் சொல்லிவிட்டான். இப்போது மகள் கல்யாணத்துக்குச் சாமான், ஆள், நேரம் என்று நாற்பத்தேழு இனங்கள் எழுதி, நேற்று வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் மனைவி வெற்றிலையை மடித்துக்கொண்டே, பொறுமையாகக் கடைசிவரை கேட்டாள்.

"எல்லாஞ் சரி. மாட்ட எழுதிட்டீகளா?"